மூன்றாவது சொல்

சரீபின் மீன்பிடி போட் கரையேறினாலே நான் கையிலுள்ள வேலையைப் போட்டுவிடுவேன். போட்டிலுள்ள ரேடியோப் பெட்டி என் வீட்டு அன்டெனாவைக் கண்டதும் மேசைக் கணினி மணியடிக்கும். திரையில் என் தம்பி றிஸ்மின் கேட்பான்: ‘கோவமா?’

றிஸ்மின் மௌத்தாகி மாதங்களாகிவிட்டன. காற்றுக் காலத்தில் போட் கவிழ்ந்தது. கூடப்போன அஸாம் நீந்திப் பிழைத்து வந்து, அவன் தண்ணிக்குள் தாண்டுபோனதைக் கண்ணால் கண்டதாகச் சொன்னான். உடல் ஒதுங்கவில்லை, அடக்க ஜனாஸா கிடைக்கவில்லை.

பக்கத்து வீட்டு மர்ளியா இதை ஜின் என்கிறாள். ஜின்னுமில்லை, மண்ணாங்கட்டியுமில்லை. கணினியை ஓட்டும் லினக்ஸின் அடிவயிற்றில் நான் எழுதிச் சேர்த்த நிரல் அது. கற்பிட்டிக் கரையைத் தாண்டினால் போன் எடுக்காது. அதனால் செய்தியைச் சிறு பொட்டலங்களாகக் கட்டி, ஒரு போட்டின் பெட்டி எதிர்ப்படும் போட்டின் பெட்டிக்குக் கொடுக்கும். எது முதலில் கரைக்கு வருகிறதோ அது என்னிடம் இறக்கிவைக்கும். கரையின் பதிலும் அப்படியே திரும்பிப் போகும்.

எங்கள் ஆட்கள் கடலில் ரேடியோவில் பேசினால் மூன்று சொல் வேண்டும். ஒருவர் விஷயத்தைச் சொல்வார். மற்றவர் “கேட்டுச்சு” என்பார். முதலாமவர் “சரி” என்றால்தான் கதை முடிந்தது. அந்தச் ‘சரி’ வராமல் ஒருவரும் மைக்கைக் கீழே வைக்கமாட்டார்கள். நானும் அப்படியே எழுதினேன்: அனுப்பியவரின் ‘சரி’ வரும்வரை எந்தப் பெட்டியும் செய்தியைக் கைவிடக் கூடாது.

நிரல் இணையத்தில் எல்லோரும் பார்க்கத் திறந்து கிடந்தது. போலந்துக்காரர் ஒருவர் பார்த்துவிட்டு, “மூன்றாவது தேவையில்லை, அனுப்பியவர் காணாமல் போனால் இது முடியவே முடியாது” என்று எழுதினார். எனக்குச் சுள்ளென்று ஏறியது. “நீங்கள் கடலுக்குப் போனதுண்டா?” என்று திருப்பி எழுதினேன். மூன்றாவது சொல்லை எடுக்கவில்லை.

றிஸ்மின் கடைசியாகக் கடலுக்குப் போன அன்று காலை அவனுக்கும் மனைவி ஹாஜராவுக்கும் சண்டை. புத்தளத்துக்கு வீடு மாறுவதா இல்லையா என்ற பழைய கதைதான். தேத்தண்ணியைத் தொடாமலே போனான். பின்னேரம் கடலிலிருந்து கேட்டான்: ‘கோவமா?’ ஹாஜரா என் கணினியில் உடனே அடித்தாள்: ‘இல்ல. வாங்க.’ அவனுடைய ‘சரி’ வரவில்லை. அதனால் எந்தப் பெட்டியும் அவன் கேள்வியைக் கைவிடவில்லை. அஸாம் எஞ்சின் பக்கம் இருந்தானாம், பெட்டியைப் பார்க்கவில்லையாம். தன் பதில் புருஷனுக்குக் கிடைத்ததா என்று ஹாஜராவுக்கு இன்றுவரை தெரியாது.

அதற்குப் பிறகு அவள் ஈரக்கையோடு குசினியிலிருந்து ஓடிவருவதும், ‘இல்ல. வாங்க’ என்று மறுபடி அடிப்பதும்தான் எங்கள் வீட்டில் பின்னேரத்து அஸர் தொழுகை நேரம். புருஷன் மௌத்தானால் பெண் ஒதுங்கியிருக்கும் இத்தாவை இருக்கச் சொல்லி மௌலவி வந்து பேசிப் பார்த்தார்.

“கேள்வி கேட்டுக்கிட்டிருக்கிற மனிசனுக்கு இத்தா இருக்கிறதா?” என்று கதவைச் சாத்தினாள்.

நிறுத்த வழி இருந்தது. றிஸ்மினுடைய பெட்டியின் இலக்கத்தைப் போட்டு, அவன் சொல்வதுபோல நானே ‘சரி’ அனுப்பினால் போதும். போட்டுக்குப் போட் தொற்றி எல்லாப் பெட்டியும் அவனைக் கைவிட்டுவிடும். சொன்னபோது ஹாஜரா என் முகத்தில் துப்பாத குறை.

“அவர்ட வாயில நீங்க கதை வைப்பீங்களா மதினி?”

பிறகு ஒருநாள் கடல் கொந்தளித்து, போட்டெல்லாம் ஒரே நேரத்தில் கரைக்கு ஓடிவந்தன. மணி நிற்கவில்லை. கோவமா? கோவமா? கோவமா? திரை நிறைய அவன்தான். ஹாஜரா ஒன்றுக்குப் பதில் அடிக்குமுன் அடுத்தது வந்தது. அப்படியே கதிரையில் சாய்ந்தாள்.

“யா அல்லாஹ், கேட்டுக் கேட்டுக் களைச்சே போயிட்டார்,” என்று அழுதாள். “ஒரு மனிசன எத்தின தரம் கேக்க வைக்கிற? எழுதுங்க மதினி.”

அவன் இலக்கத்தைப் போட்டேன். ‘சரி’ என்று எழுதினேன். விரல் போகவில்லை. என் கையைத் தட்டிவிட்டு ஹாஜராவே அழுத்தினாள்.

இப்போது அவள் உள்ளறையில் வெள்ளை உடுத்து இத்தா இருக்கிறாள். போட்டுகள் வருகின்றன. வானிலை, டீசல், மீன் விலை என்று ஊர்க்கதை எல்லாம் வருகிறது. அவன் மட்டும் இல்லை. மணி அடிக்கும்போதெல்லாம் இன்னும் நான்தான் எழுந்து ஓடுகிறேன்.

நேற்று சரீபின் போட் வந்துபோன பிறகு உள்ளேயிருந்து கேட்டாள்.

“இண்டைக்கும் அவர்ட ஒண்டும் வரல்லியா?”

“இல்ல.”

அவள் குரலில் ஒரு குளிர்ச்சி வந்தது. அந்தச் சண்டைக்குப் பிறகு அப்படியொரு குரலை நான் கேட்டதேயில்லை.

“பாத்தீங்களா மதினி? அவருக்குக் கேட்டிருக்கு. அதான் சரி சொல்லிட்டார்.”

அழுத்தியது அவளுடைய விரல். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“ஓம்,” என்றேன். “கேட்டிருக்கு.”