தரை டிக்கெட்

ராயபுரத்தில் பாழடைந்து கிடந்த நாடகக் கொட்டகையைப் புதுப்பித்து, 2004 பொங்கல் முடிந்த கையோடு திறந்தார்கள். பால்கனிக்குத் தேக்கு, சுவருக்குச் சுண்ணாம்பு, எல்லாம் அச்சு அசல். மேடைக்கு முன்னால் தரை டிக்கெட் பகுதியில்கூடப் பழையபடி மணல் கொட்டியிருந்தார்கள். கொட்டிவிட்டு, சுற்றிலும் சிவப்புக் கயிறு கட்டி, 'காட்சிக்கு மட்டும், உட்காரக் கூடாது' என்று பலகையும் வைத்துவிட்டார்கள். உட்காரக் கூடாத தரை டிக்கெட்! இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்வது?

கானா பாட வந்த யசோதராவுக்குப் பலகையைப் பார்த்ததுமே பற்றிக்கொண்டு வந்தது. அழைப்பிதழில் 'மேடையில் யசோதரா குழுவினரின் கானா' என்று போட்டிருந்ததை நம்பி, வியாசர்பாடியிலிருந்து ஒரு வேன் நிறைய ஜனம் அவளோடு வந்திருந்தது.

கொட்டகைச் செயலாளர் எபினேசர், இரும்பு வியாபாரி. கெட்ட செய்தியைச் சிரித்துக்கொண்டே சொல்லத் தெரிந்தவர்.

"ஒரு சின்ன மாற்றம்மா. நீங்க வாசல் போர்ட்டிகோவுல பாடிருங்க. வீணைக் கச்சேரி முடிஞ்சதும் எல்லாரும் காபி குடிக்க அங்கதான் வருவாங்க."

"மேடைன்னுதான சார் போட்டுக்கீது?"

"சாவு வீட்டுப் பாட்டுன்னு ரெண்டு மூணு பேரு முகஞ்சுளிக்காங்க. திறப்பு விழா பாருங்க."

சாவு வீட்டில் பிணம் எடுக்கும்வரை பாடுவது யசோதராதான். எடுத்ததும் அவளைத் தெருமுனையோடு நிறுத்திவிடுவார்கள். பொம்பளை மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்குப் போகக் கூடாதாம். மிச்சப் பாட்டை ஆம்பளைகள் பாடிக்கொண்டு போவார்கள். பாதிப் பாட்டைத் தொண்டையில் வைத்துக்கொண்டு அவள் வீடு திரும்புவாள். அது அவளுக்கு ஆறாத கோபம்.

"பொணத்தோட போனாத்தான் முனையில நிக்க வெப்பாங்க. இங்க இன்னா பொணமா போவுது, என்ன வாசல்ல நிறுத்தறதுக்கு?" என்று கேட்டுவிட்டு விறுவிறுவென்று உள்ளே நடந்தாள்.

டோலக்கோடு தம்பி வல்லரசு பின்னாலேயே ஓடினான். "யக்கா, மைக்கு தர மாட்டானுங்க."

"மைக்கு கேட்டனா நான்? வாடா."

வீணைக்கான கைதட்டல் அப்போதுதான் ஓய்ந்தது. யசோதரா கயிற்றின் கொக்கியைக் கழற்றிக் கீழே போட்டாள். மணலில் சம்மணமிட்டு, மேடைக்கு முதுகைக் காட்டி, நாற்காலிகளைப் பார்த்து உட்கார்ந்தாள். அந்தக் காலத்தில் நாற்காலிக்காரர்கள் தரைக்காரர்களின் முதுகைத்தான் பார்த்தார்கள். இவள் முகத்தைக் காட்டினாள். வேனில் வந்த ஜனமும் அவளுக்கு இரண்டு பக்கமும் மணலில் இறங்கி உட்கார்ந்தது.

சாவு கானாவில் முதலில் எடுப்பது செத்தவர் பேரை. யசோதரா தன் பேரையே எடுத்தாள்.

"யசோதரான்னு பேரு - நான்
வியாசர்பாடி ஊரு
முனையில நின்னது போதுமுங்க
முன்ன வந்தேன் பாரு!"

காபிக்கு எழுந்தவர்கள் எழுந்த வாக்கில் நின்றார்கள். பிறகு ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். எபினேசர் மட்டும் கழன்ற கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்து, அவளுக்கு நேர் முன்னால் நின்று, நிறுத்தச் சொல்லிக் கையை ஆட்டினார். அவள் நிறுத்தினால்தானே!

முதல் வரிசையில் பட்டுப்புடவை கட்டிய அம்மாள் ஒருத்தி பொறுக்கமாட்டாமல் குரல் கொடுத்தாள்.

"சார், மறைக்குது! உட்காருங்க!"

எபினேசர் சுற்றும்முற்றும் பார்த்தார். பக்கத்தில் மணலைத் தவிர வேறு இடமில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார்.

யசோதரா அவருக்குக் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள், பாட்டை விடவில்லை. அன்றைக்கு அதைக் கடைசி வரிவரை அவளே பாடி முடித்தாள்.