டாக்டர் வந்துடுவார்

ஜபருல்லா பினாங் துறைமுகத்தில் துபாசி. கப்பல் அதிகாரிகள் ஆங்கிலத்தில் சொல்வதை மூட்டை தூக்கும் ஆட்களுக்குத் தமிழில் சொல்வது அவர் பிழைப்பு. புரியாத சொல் வந்தாலும் திருப்பிக் கேட்கமாட்டார். கேட்டால் மதிப்புப் போய்விடும் என்ற எண்ணம்.

அன்று கரையை விட்டுத் தள்ளி நின்ற ஜெர்மன் கப்பலில் கயிறறுந்து அரிசி மூட்டைகள் விழுந்தன. மூட்டை தூக்கும் வீராசாமியின் வலது கால் நசுங்கியது. கப்பல் டாக்டர் ஊருக்குள் போயிருந்தார்.

"டாக்டர் ஈவென்ச்சுவலி வருவார்" என்றார் ஜெர்மன் அதிகாரி, தட்டுத்தடுமாறிய ஆங்கிலத்தில்.

எப்படியும் கடைசியில் வந்துவிடுவார் என்றுதான் ஆங்கிலத்தில் அதற்குப் பொருள். ஆனால் போன வாரம் இதே மனிதர் இதே சொல்லைப் போட்டு, ஆட்களுக்குச் சாப்பாடு வரும் என்றிருந்தார். வரவேயில்லை. ஜபருல்லாவுக்கு அது ஞாபகம் வந்தது. கேட்கலாமென்று வாயெடுத்தவர், அதிகாரியின் கடுகடுத்த முகத்தைப் பார்த்து அடங்கிவிட்டார்.

"தொங்காங் படகுல ஏத்திக் கரைக்குக் கொண்டு போயிரலாமா பாய்?" என்று கேட்டான் வீராசாமியின் அண்ணன் ராமசாமி.

"வேணாம்லா, அசைக்காதீங்க. டாக்டர் வந்துடுவார்."

பொழுது சாயும்வரை காத்திருந்தார்கள். டாக்டர் வரவில்லை. பிறகு படகில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது, முழங்காலுக்குக் கீழே எடுத்தாக வேண்டியிருந்தது. உடனே கொண்டு வந்திருந்தால் கால் தப்பியிருக்கும் என்றார்கள்.

கடைத்தெருவில் வியாபாரம் செய்த லோமன் என்ற ஜெர்மன்காரரிடம் ஜபருல்லா அந்தச் சொல்லைப் பற்றி விசாரித்தார்.

"லத்தீனில் பிறந்து இரண்டு பாஷைக்கும் போன சொல். ஆங்கிலத்தில் 'முடிவில் நடக்கும்'. எங்கள் பாஷையில் 'நடந்தாலும் நடக்கலாம்'. ஆங்கிலம் பேசப் பழகும் எங்கள் ஆட்கள் எல்லோரும் வழுக்கி விழுகிற இடம்" என்று சிரித்தார் லோமன்.

பழியை அந்த அதிகாரி தலையில் கட்டிவிடலாம். ராமசாமியும் நம்பிவிடுவான். வீராசாமியின் வீடிருந்த சுங்கை பினாங்குக்குப் போகிற வழியெல்லாம் ஜபருல்லா அதையே நினைத்துக்கொண்டு போனார்.

வீராசாமி பாயில் படுத்திருந்தான். சொல்லின் கதையைக் கேட்ட அவன் மனைவி வள்ளியம்மா, "அப்ப உங்களுக்குத் தெரியாதுல்ல பாய்? நீங்க என்ன பண்ணுவீங்க" என்றாள்.

அந்த ஆறுதலைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"சந்தேகம் இருந்துச்சும்மா. கௌரவம் பார்த்துக் கேக்காம விட்டுட்டேன்."

வீராசாமி தலையைத் திருப்பி அவரைப் பார்த்தான்.

"கேட்டிருக்கலாம் பாய்" என்றான். குரலில் கோபம்கூட இல்லை.

ஜபருல்லாவால் எழுந்து போகவும் முடியவில்லை. வள்ளியம்மா கட்டு மாற்றத் துணி கிழித்துக்கொண்டு வந்தாள். அவர் நகர்ந்து உட்கார்ந்து, குறைந்துபோன அந்தக் காலைத் தன் மடியில் ஏந்திப் பிடித்துக்கொண்டார்.