பூண்டு இன்னும் ரெண்டு பல்

எனக்கு நாக்கு நீளம். அதை மறைத்துப் பயனில்லை. மூக்குக்கண்ணாடிக் கடையின் முன்புறம் நின்றுகொண்டு, எந்த முகம் வந்தாலும் "இந்த ஃப்ரேம் உங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு" என்று சொல்வது என் வேலை. ஆனால் கடை திறந்ததிலிருந்து என் மனசெல்லாம் பின்னறையில், லென்ஸ் தேய்க்கும் மிஷினுக்குப் பக்கத்தில் இருக்கும் நீல டப்பாவின் மேல்தான்.

அந்த டப்பா என்னுடையது இல்லை. பின்னறையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்தும் தங்கச்சியுடையது. கூடப் பிறந்தவள் அல்ல. அவள் அண்ணா என்கிறாள், நான் தங்கச்சி என்கிறேன், அவ்வளவுதான். அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். விடிந்ததும் எழுந்து, பெண்டாட்டிக்குத் தன் கையாலேயே சாண்ட்விச் செய்து கொடுத்தனுப்பும் உத்தமர். அவித்த முட்டையை மிளகோடு மசித்து, ரொட்டியில் கடுகு விழுது தடவி, வெண்ணெயில் வதக்கின பூண்டு, வதக்காத வெங்காயம், அதன் மேல் சீஸ். இதில் என்ன கொடுமை என்றால், தங்கச்சிக்குப் பூண்டு வாசனையே ஆகாது. வெங்காயம் கடித்தால் தலைவலி. கல்யாணமான புதிதில் மனுஷர் ஆசையாக நீட்டியதை வேண்டாம் என்று சொல்ல மனசு வராமல், "ரொம்ப நல்லா இருக்குங்க" என்று சொல்லித் தொலைத்துவிட்டாள்.

என் டப்பாவின் கதை வேறு. நான் அக்காவோடு இருக்கிறேன். அவள் கொடுத்தனுப்புவது வெள்ளரிக்காய் சாண்ட்விச். ஓரம் வெட்டின வெள்ளை ரொட்டி, வெண்ணெய், வெள்ளரிக்காய், துளி உப்பு. அதைத் தின்றால் தின்ற மாதிரியே இருக்காது. ஆஸ்பத்திரியில் யாரையோ பார்த்துவிட்டு வந்த மாதிரி இருக்கும். தங்கச்சிக்கோ அது தேவாமிர்தம். ஒருநாள் இரண்டு டப்பாவும் கை மாறின. அதற்குப் பிறகு எங்கள் இருவர் மதியமும் நிம்மதியாகப் போனது.

லிஃப்ட்காரர் சும்மா செய்துகொடுத்துவிட்டுப் போகிற ஆளில்லை. சாயங்காலமானால் "எப்படி இருந்துச்சு? எது கூட, எது கம்மி?" என்று ஸ்க்ரூ ஸ்க்ரூவாகக் கழற்றிக் கேட்பார். சாப்பிடாதவள் என்ன சொல்வாள்? கடை மூடும்போது என்னிடம் கேட்டுக்கொண்டு போவாள்.

"பூண்டு இன்னும் ரெண்டு பல்லு போடலாம்னு சொல்லும்மா" என்பேன். மறுநாள் இரண்டு பல் கூடியிருக்கும். கடுகு கசக்கிறது என்பேன், குறைந்திருக்கும். இப்படியே அந்த சாண்ட்விச் என் நாக்குக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையாகிவிட்டது. கைமாறாக, தங்கச்சி சொல்வதை நான் அக்காவிடம் சொல்வேன். "வெள்ளரிக்காய் இன்னும் மெலிசா இருந்தா ஜோரா இருக்கும்க்கா." அக்கா கத்தியைத் தீட்டுவாள்.

அன்று மதியம் நீல டப்பாவின் மூடியில் நான் கை வைத்த நேரம், லிஃப்ட்காரர் வாசலில் வந்து நின்றார். எதிர்க் கட்டடத்தில் வேலையாம். "ஒண்ணா சாப்பிடலாம்னு வந்தேன்" என்றார், தன் டப்பாவைத் தூக்கிக் காட்டி. என் கையைச் சுட்டதுபோல் எடுத்துக்கொண்டேன்.

மூவரும் உட்கார்ந்தோம். என் முன்னால் வெள்ளரிக்காய். தங்கச்சி முன்னால் என் சாண்ட்விச். அவள் ஒரு வாய் கடித்தாள். கண்ணில் தண்ணீர் முட்டியது.

"வெங்காயம் காரமா?" என்றார் அவர். தன் டப்பாவைத் திறந்தார். அதிலும் அதே சாண்ட்விச். சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து முதலில் விழுங்கினார்.

"என்னங்க அது?"

"நெஞ்செரிச்சலுக்கு. எனக்கு இந்தப் பூண்டு சுத்தமா ஒத்துக்காது. ஆனா உனக்கு இவ்வளவு பிடிச்சது எனக்கு மட்டும் ஏன் பிடிக்கலைன்னு ஒரு ரோஷம். தினம் சாப்பிட்டா பழகிடும்னு பாத்தேன். இனிமே தொடவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. நீ கவலைப்படாத, உனக்கு எப்பவும்போல செஞ்சு தரேன்."

எனக்கு அப்பாடா என்றிருந்தது. மனுஷர் வயிறு போனால் போகட்டும், என் சாண்ட்விச் பிழைத்தது. ஆனால் தங்கச்சியின் உதடு துடித்தது. உண்மையைக் கக்கப்போகிறாள்! மேஜைக்கு அடியில் அவள் காலை மிதித்தேன்.

"அது என் காலு சார்" என்றார் அவர்.

தங்கச்சி தேம்பிக்கொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அவர் மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"அப்போ கடுகு கசக்குதுன்னு சொன்னது?"

"நான்தாங்க."

"சீஸ் ரெண்டு அடுக்கு?"

"அதுவும் நான்தான்."

"பூண்டு?"

தலையைக் குனிந்துகொண்டேன்.

"பொண்டாட்டிக்குன்னு நெனச்சு, விடிகாலையில எழுந்து உங்களுக்கா பூண்டு உரிச்சிட்டிருந்தேன்?"

"கோவமாங்க?" என்றாள் தங்கச்சி, மூக்கை உறிஞ்சி.

"கோவம்தான். நீ மொதல்ல அழுகைய நிறுத்து, அப்புறம் கோவிச்சுக்கறேன்." ஆத்திரத்தை எங்கே காட்டுவதென்று தெரியாமல் என் டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்து வாயில் போட்டார். மென்றார். இன்னொன்றை எடுத்து, பாதியைப் பிய்த்துத் தங்கச்சியிடம் கொடுத்தார். "யாரு செஞ்சது? வயித்துக்கு இதமா இருக்கே."

"எங்க அக்கா."

கடைசியில் இப்படி முடிவானது: என் அக்கா அவர்கள் இரண்டு பேருக்கும் செய்துகொடுத்தால், அவர் எனக்குச் செய்துதருவார். "ஆனா எப்படி இருந்துச்சுன்னு இனிமே நீங்களே எங்கிட்ட நேரா சொல்லணும்" என்றார்.

லிஃப்ட்காரரைச் சமாளித்துவிட்டேன். அக்காதான் பாக்கி. தன் கையால் செய்ததைத் தம்பி இத்தனை நாளாகத் தின்னவே இல்லை என்று தெரிந்தால் எப்படித் தாங்குவாள்? அன்று சாயங்காலம், அவள் பாத்திரம் துலக்கும்போது பின்னால் நின்று, மதியம் முடிவானதையும் சேர்த்து, மென்று விழுங்கிச் சொல்லி முடித்தேன்.

அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "தெரியும்டா" என்றாள்.

"எப்படிக்கா? பூண்டு வாசனையா?"

"அது கிடக்கட்டும். பொறந்ததுலேர்ந்து நான் செஞ்சத ஒரு நாளாவது நல்லா இருக்குன்னு சொல்லியிருக்கியா நீ? திடீர்னு ஒருநாள் வந்து, இன்னைக்கு ரொம்ப நல்லா இருந்துச்சுக்கான்னே. அப்பவே புரிஞ்சுபோச்சு, வேற யாரோ சாப்பிடுறாங்கன்னு. அந்த யாரோவுக்காகத்தான் அவ்வளவு மெலிசா நறுக்குறேன்."

தட்டில் மிஞ்சியிருந்த வெள்ளரிக்காய் நுனியை எடுத்து மென்றேன். உப்பு போட்டிருந்தாள். நிஜமாகவே நன்றாக இருந்தது.

"நல்லா இருக்குக்கா" என்றேன்.

"பொய் சொல்லாத. நாளைக்கு ரெண்டு டப்பா எடுத்து வை" என்றாள்.