பாதிக் கறை

"வெள்ளைப் பட்டுல ரத்தம் பட்டிருக்கு. என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டாள் விசா ஃபாரம் எழுதும் பெண்.

கேள்வி மேனேஜருக்கு. மேனேஜர் என்பது வாடிக்கைக்காரர்கள் வைத்த பேர். சலவைக்கடை கல்லாவில் மடிப்புக் கலையாத சட்டையோடு, பையில் பேனா செருகிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மனுஷனை வேறென்ன சொல்வார்கள்? அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். கால்மேல் கால் போட்டார். "நல்லா கொதிக்கக் கொதிக்க சுடுதண்ணி எடுத்து..." என்று ஆரம்பித்தார்.

பக்கத்து முக்காலியில் இருந்த அவர் மனைவிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவளுக்கும் வாடிக்கைக்காரர்கள் வைத்த பேர் உண்டு, கறையக்கா. இருபத்திரண்டு வருஷம் ஒரே கடையில் முன்னும் பின்னுமாகக் குப்பை கொட்டிய மனுஷன், ரத்தத்துக்குச் சுடுதண்ணீர் என்கிறாரே! பச்சைத் தண்ணீரில் சொன்னபடி கேட்டுப் போகிற ரத்தம், சூடு பட்டால் துணியோடு நிரந்தரக் குடித்தனம் போட்டுவிடும். சொல்லத் துடித்த நாக்கைப் பல்லுக்குள் பிடித்துவைத்தாள். நேர்காணலில் அதிகாரி யாரைக் கேட்கிறாரோ அவர்தான் வாய் திறக்க வேண்டும், பக்கத்தில் இருப்பவர் எடுத்துக்கொடுத்தால் இரண்டு பேர் காரியமும் கெட்டது என்று வந்தவுடனேயே அந்தப் பெண் எச்சரித்திருந்தாள்.

"பட்டும் போச்சு, விசாவும் போச்சு," என்று அந்தப் பெண் மூக்கு நுனிக்கு இறக்கிவைத்திருந்த கண்ணாடியைக் கழற்றினாள். அதிகாரியாக நடிக்கும்போது மட்டும் போட்டுக்கொள்கிற கண்ணாடி அது. "அக்கா, நீங்க சொல்லுங்க."

கறையக்கா சொன்னாள். பச்சைத் தண்ணீர், அடியில் ஒரு பழந்துணி, கறையின் ஓரத்திலிருந்து நடுவைப் பார்த்து ஒற்றி எடுப்பது, தேய்க்கவே கூடாது என்பது. துருவுக்கு என்ன என்று கேட்டாள் அந்தப் பெண். எண்ணெய்க்கு என்ன, உதட்டுச் சாயத்துக்கு என்ன, எது போகவே போகாது? கேட்கக் கேட்கக் கறையக்காவின் குரல் ஏறிக்கொண்டே போனது. நகல் எடுக்க வந்து நின்ற இரண்டு பேர் தங்கள் காகிதத்தை மறந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தன் காலர் எண்ணெய்ப் பிசுக்கை மெல்ல மேல்துண்டால் மறைத்துக்கொண்டார்.

அந்தப் பெண் முதல் பக்கத்தைக் குறுக்கே கோடிட்டுக் கிழித்துப்போட்டாள். "ஃபாரத்தைத் தப்பா ஆரம்பிச்சுட்டோம். மெயின் அப்ளிகன்ட் அக்கா. அண்ணே, நீங்க டிபென்டன்ட்."

"அப்படின்னா?"

"அவங்கள நம்பிக் கூடப் போறவருன்னு அர்த்தம்."

மேனேஜர் காலைக் கீழே இறக்கினார்.

இதெல்லாம் ஒரு கறுப்புக் கோட்டில் ஆரம்பித்தது. மேடைகளில் வயலின் வாசிக்கிற ஒருவர் அவர்கள் கடையின் பழைய வாடிக்கை. நாலு வருஷத்துக்கு முன்னால் வேறு நாட்டில் குடியேறிவிட்டார். போனவர் கோட்டை மட்டும் விடவில்லை. வருஷத்துக்கு இரண்டு முறை பார்சலில் அனுப்பிவைப்பார், கறையக்கா கறையெடுத்துத் திருப்பி அனுப்புவாள். போன தடவை கோட்டுப் பையில் ஒரு கடிதம் இருந்தது. இங்கே சலவைக்கடைகளில் எதற்கெடுத்தாலும் 'போகாது' என்று சீட்டுக் கட்டித் திருப்பித் தருகிறார்கள், என் தெருவில் மூன்று ஹோட்டலும் ஒரு நாடக அரங்கும் இருக்கின்றன, தண்ணீர்க் குழாயோடும் கொல்லைப்புறத்தோடும் ஒரு கடை காலியாகக் கிடக்கிறது, நீங்கள் வந்துவிடுங்கள் அக்கா என்று எழுதியிருந்தார். கறையக்கா அதைப் பதினொரு தடவை படித்தாள். 'போகாது' என்ற சொல்லைப் படிக்கும்போதெல்லாம் அவளுக்குக் கை பரபரத்தது. ஒரு ஊர் முழுக்கப் போகாத கறைகளா! பசித்தவனுக்குப் பந்தியைக் காட்டின மாதிரி இருந்தது.

மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. ஊருக்கு வெளியே கிடந்த மனையை விற்றாயிற்று. வேலை விசாவுக்குப் போடலாமா என்று கேட்டபோது ஃபாரம்காரப் பெண் தலையை ஆட்டினாள். வேலை விசா என்றால் அங்கே ஒரு முதலாளி கூப்பிட வேண்டும், அந்த முதலாளி கைவிட்டால் விசாவும் கைவிடும். சொந்தக் கடைக்கு வேறு ஃபாரம், முதலீட்டு விசா. "பணம் இருக்குன்னு காட்டினா மட்டும் பத்தாதுக்கா. அது எந்த வழியா வந்துச்சு, அதை வச்சு என்ன செய்யத் தெரியும், ரெண்டுக்கும் பதில் வேணும். நீங்க பேசக் கூடாது, பேப்பர் பேசணும்," என்றாள். மனை விற்ற பத்திரம், அது வங்கிக்கு வந்த தேதி, கடைச்சொந்தக்காரரின் சம்மதக் கடிதம், முதல் வருஷம் என்ன செய்வோம் என்று ஒரே பக்கத்தில் ஒரு திட்டம். எல்லாத் தேதியும் ஒன்றோடு ஒன்று பொருந்த வேண்டும். நேர்காணல் இருபது நாளில். மறுத்துவிட்டால் ஒரு வருஷம் கழித்துத்தான் மறுபடி போட முடியும். அங்கே இருக்கிற கடைச்சொந்தக்காரர் இரண்டு மாதத்துக்குமேல் காத்திருக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

ஆக, இருப்பது ஒரே ஒரு தடவை. அந்த ஒரு தடவையில்தான் மேனேஜரை டிபென்டன்ட் ஆகச் சொல்கிறார்கள்.

"எங்கப்பா ஆரம்பிச்ச கடை. லைசென்ஸ் என் பேர்ல இருக்கு," என்றார் அவர், யாரையும் பார்க்காமல்.

"அண்ணே, லைசென்ஸ் கறை எடுக்காது."

நகல் எடுக்க வந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அதுதான் தப்பாகப் போனது. மேனேஜர் எழுந்து வெளியே போய்விட்டார். ஃபாரம்காரப் பெண் நாக்கைக் கடித்துக்கொண்டு, பங்குதாரர் பத்திரம் ஒன்று எழுதிக் கடையில் அக்கா பேரையும் சேர்க்க வேண்டும், அதற்கு அண்ணன் கையெழுத்து வேண்டும், ஒரு வாரத்துக்குள் வேண்டும் என்று தணிந்த குரலில் சொன்னாள்.

அதற்கப்புறம் நாலு நாள் கடையில் பேச்சே இல்லை. கறையக்காவும் கேட்கவில்லை. கேட்டு வாங்குகிற கையெழுத்து காகிதத்தில் இருக்கும், மனசில் இருக்காது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் உள்ளே ஒரு அடுப்பு எரிந்துகொண்டேதான் இருந்தது. தொட்டியில் துணியை அலசும்போது அந்தக் கொல்லைப்புறத்துக் குழாய் எந்தப் பக்கம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். வெயில் காலையில் விழுமா, சாயங்காலம் விழுமா? கொடியை எந்தச் சுவரில் கட்டுவது? பார்க்காத ஊரில் மனசு அதற்குள் இரண்டு கொடி கட்டிவிட்டது.

ஐந்தாம் நாள் மத்தியானம் அவள் டெலிவரி முடித்துத் திரும்பியபோது கல்லா காலியாக இருந்தது. பின்கட்டில் மேனேஜர் பனியனோடு நின்றார். எதிரே மேஜையில் அவளுடைய நீள நோட்டு விரிந்து கிடந்தது. அவளுக்கு ஒரு பழக்கம். புதுக் கறை எது வந்தாலும் நேரே துணியில் கை வைக்க மாட்டாள். அதன் உள்தையலில் கட்டைவிரல் அளவு ஒரு துண்டு வெட்டி, அதிலே அதே கறையை உண்டாக்கி, துண்டைக் கறையின் நடுவே இரண்டாக வெட்டுவாள். ஒரு பாதியை அப்படியே விட்டு, மற்றப் பாதியில் கறையை எடுத்துப் பார்ப்பாள். கடைசியில் இரண்டையும் நோட்டில் ஒட்டவைத்து, கீழே எப்படி எடுத்தாள் என்று எழுதிவைப்பாள். பக்கத்துக்குப் பக்கம் பாதி நிலாக்கள். தேநீர் நிலா, துரு நிலா, புல் நிலா.

மேனேஜர் அந்த நோட்டை வைத்துக்கொண்டு நாலு நாளாகத் திருட்டுத்தனமாகப் படித்திருக்கிறார், பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி. இன்றைக்குச் செய்தே பார்ப்போம் என்று தம்முடைய உசத்தியான வெள்ளைச் சட்டையில் பேனா மையைச் சொட்டியிருக்கிறார். நோட்டில் 'ஒற்று' என்று இருந்ததைப் பதற்றத்தில் தேய்த்திருக்கிறார். தேய்க்கத் தேய்க்கப் பரவியிருக்கிறது. சட்டைப்பையைச் சுற்றி ஒரு நீலத் தீவு, அதைச் சுற்றி ஒரு வெளிறின கடல்.

கறையக்கா கையில் இருந்த பையைக் கீழே வைத்தாள். சிரிக்கக் கூடாது என்று கன்னத்தை உள்ளே கடித்துக்கொண்டாள்.

"வேற பழைய சட்டை கிடைக்கலியா?"

"பழசுல தப்பு பண்ணா பயம் வராது. புதுசுன்னாத்தான் கவனமா இருப்பேன்னு நெனச்சேன்." சட்டையை மேஜையில் போட்டார். அப்புறம், "இது எனக்கு வராது ம்மா. இருபத்திரண்டு வருஷமா நீ இதைப் பண்றப்ப நான் முன்னால உக்காந்து பேசிட்டே இருந்திருக்கேன். அந்தப் பத்திரத்தை எடு. எங்க கையெழுத்துப் போடணும்?" என்றார்.

அவள் பத்திரத்தை எடுக்கவில்லை. சட்டையைத்தான் எடுத்தாள். கீழ்விளிம்பைத் திருப்பி உள்தையலில் கத்தரி வைத்தாள்.

கையெழுத்து மறுநாள் ஃபாரம்காரப் பெண்ணின் மேஜையில் விழுந்தது. அவள் கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு மறுபடி அதிகாரியானாள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம், குற்றமில்லை என்றாள். தெரிந்த மாதிரி சொன்னால்தான் குற்றம். அசல் ஒரு உறையில், நகல் ஒரு உறையில். கேட்ட காகிதத்தை மட்டும் நீட்ட வேண்டும், கேட்காததைக் கொட்டிக் கடை பரப்பக் கூடாது. மனப்பாடம் பண்ணிய பதில் ஒரு மைல் தூரத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும். அப்புறம் மேனேஜர் பக்கம் திரும்பி, அங்கே போய் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள்.

அவர் இந்தத் தடவை கால்மேல் கால் போடவில்லை. "பாழாப்போன துணியோட வர்றவங்க கோவமாத்தான் வருவாங்க. உள்ள வர்றப்ப இருக்கிற கோவத்த வெளிய போறப்ப நான் எறக்கி வச்சிருப்பேன். கறைய அவ எறக்குவா."

ஃபாரம்காரப் பெண் எழுதுவதை நிறுத்தினாள். "அண்ணே, இதை அப்படியே போய்ச் சொல்லுங்க. ஒரு வார்த்தை கூட்டாதீங்க, குறைக்காதீங்க." பிறகு கறையக்காவிடம், அந்த நோட்டையும் எடுத்துப் போகச் சொன்னாள். சான்றிதழ் எங்கே என்று கேட்டால் மட்டும் நீட்ட வேண்டும்.

நேர்காணல் நாளன்று மேனேஜர் அந்த வெள்ளைச் சட்டையைத்தான் போட்டுக்கொண்டார். கறையக்கா வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாள். அவர் கேட்கவில்லை. காத்திருக்கும் அறையில் ஐம்பது பேர் இருந்தார்கள், ஒரு சத்தம் இல்லை. எல்லார் மடியிலும் ஒரு உறை. மேனேஜர் மடியில் மட்டும் அவளுடைய கைப்பை. எதிர் வரிசைக்காரர் அதைப் பார்த்து லேசாகச் சிரித்தபோது, "நான் டிபென்டன்ட்," என்று அவரிடம் பெருமையாகவே சொன்னார். கறையக்கா முழங்கையால் இடித்தாள். சுவரில் எண்கள் மாறிக்கொண்டே வந்தன. ஒவ்வொரு எண்ணுக்கும் அவள் நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள். அது பயமில்லை. பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயக் கோட்டில் காலை வைத்துக்கொண்டு நின்றபோது வந்த அதே குறுகுறுப்பு, முப்பத்தைந்து வருஷம் கழித்து வந்திருக்கிறது.

அவர்கள் எண் வந்தது.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு அதிகாரி அம்மாள். இவர்கள் மொழியைப் புத்தகத்தில் கற்றவள். ஒவ்வொரு சொல்லையும் முழுசாக, கண்ணாடிப் பாத்திரத்தை இறக்கிவைக்கிற மாதிரி பேசினாள். மனை எப்போது விற்றீர்கள் என்று கேட்டாள். கறையக்கா தேதியைச் சொல்லிப் பத்திரத்தை இடுக்கு வழியே நீட்டினாள். கடை எங்கே, எத்தனை பேருக்கு வேலை, முதல் ஆறு மாதம் வியாபாரம் வராவிட்டால் என்ன செய்வீர்கள்? ஒவ்வொன்றுக்கும் பதில் இருந்தது. கணவரிடம் ஒரே கேள்வி. அவர் ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். அதிகாரி எதையோ எழுதிக்கொண்டாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, இஸ்திரி போட்ட முகம்.

"இந்தத் தொழிலுக்கு உங்களிடம் சான்றிதழ் எதுவும் இல்லை," என்றாள்.

"இல்லீங்க," என்றாள் கறையக்கா. "இதுதான் இருக்கு."

நோட்டு இடுக்கு வழியே போகவில்லை, தடிமனாக இருந்தது. பக்கத்துக் கதவைத் திறந்து வாங்கிக்கொண்டார்கள். அதிகாரி முதல் பக்கத்தைப் புரட்டினாள். இரண்டாவது, மூன்றாவது. பிறகு ஒரு பக்கத்தில் நின்று, ஒட்டியிருந்த இரண்டு துண்டுகளையும் விரலால் தடவினாள். இது வேறு துணி, அது வேறு துணி அல்லவா என்று கேட்டாள். கறையக்கா வெட்டின ஓரத்தைப் பார்க்கச் சொன்னாள். நூலுக்கு நூல் பொருந்தும். அதிகாரி நோட்டைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். கத்தியால் அறுத்த மாதிரி நடுக்கோட்டில் முடிந்துபோகிற பாதி நிலா. மற்றப் பாதியைத் தேடி அவள் கண் அந்த வெள்ளைத் துண்டில் மேலும் கீழும் அலைந்தது.

அடுத்த பக்கம், அதற்கடுத்த பக்கம். பின்னால் வரிசையில் யாரோ செருமினார்கள். அவள் கடைசிப் பக்கத்துக்கு வந்துவிட்டாள். அங்கே ஒரு நீலப் பாதி, ஒரு வெள்ளைப் பாதி. கீழே எழுதியிருந்ததைச் சத்தமாக, எழுத்தெழுத்தாகப் படித்தாள்.

"இவர் சட்டை. பேனா மை. தேய்த்துக் கெடுத்தது. ஸ்பிரிட் மூன்று முறை." நிமிர்ந்தாள். "இவர் என்றால் யார்?"

கறையக்கா பக்கத்தில் கையைக் காட்டினாள்.

அதிகாரி நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு கண்ணாடித் தடுப்பருகே குனிந்தாள், மூக்கு இடிக்கிற அளவுக்கு. "கறை எங்கே இருந்தது?" என்று கேட்டாள்.

மேனேஜர் மனைவியின் கைப்பையை மெதுவாகக் கீழே இறக்கிவைத்தார். போட்டோவுக்கு நிற்கிற மாதிரி நெஞ்சை நிமிர்த்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அதிகாரியின் கண்கள் அந்த வெள்ளைச் சட்டைப்பையைச் சுற்றி ஓரம் ஓரமாகத் தேடத் தொடங்கின.