காலர் தைக்கிறவளைப் பற்றி ஒரு பக்கம்

1.
இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதல்ல, கேட்டு வாங்கப்பட்டது. வேறு நாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்களுக்கு வக்கீல் வைத்துக் கொடுக்கும் அறக்கட்டளை ஒன்றின் மேலாளர் கேட்டார். "ஒரே பக்கம் போதும் சார். படிக்கிறவங்க மனசு இளகணும். நன்கொடை குறைஞ்சுட்டே வருது."

2.
அவர் காட்டிய ஆள், சட்டைக்குக் காலர் தைக்கிற ஒருத்தி. புதுச் சட்டம் வந்த வாரம், தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கப் போன அவள் கணவனை வரிசையில் நின்ற இடத்திலேயே பிடித்துப் போனார்கள். நாற்பத்தொரு நாள் உள்ளே வைத்திருந்தார்கள். அறக்கட்டளையின் வக்கீல்தான் மல்லுக்கட்டி வெளியே கொண்டுவந்தார்.

(முதலில் 'அவள் கண்களில்...' என்று தொடங்கி அடித்துவிட்டேன். அவள் கண்ணை நான் எங்கே பார்த்தேன்? பேசும்போதும் ஊசி மேலேயே குனிந்திருந்தாள்.)

3.
எழுதியதை அவளுக்குப் படித்துக் காட்டினேன்.

"அண்ணா, காலர்னு போடாதீங்க. இந்தக் கட்டடத்துல காலர் தைக்கிறது நான் ஒருத்திதான்."

பொத்தான் என்று மாற்றினேன்.

"நாள் கணக்கும் வேண்டாம். அதிகாரிங்க ஏட்டைப் புரட்டினா நாங்கதான்னு தெரிஞ்சிடும்."

நாற்பத்தொரு நாள் 'கொஞ்ச காலம்' ஆயிற்று. கணவன் அண்ணன் ஆனான். மேலாளர் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "சப்புன்னு இருக்கே சார். இதைப் படிச்சிட்டு யாரு குடுப்பா?"

4.
மறுநாள் அவளே போன் செய்தாள். "அண்ணா, பழையபடியே எழுதிடுங்க. மேல்மாடியில ரெண்டு பேரைக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. வக்கீல் வேணும்ல?"

பின்னாலிருந்து கணவனின் குரல்: "உனக்கென்ன பைத்தியமா? உள்ள கிடந்தவன் நான்!"

"அப்ப வெளியில நான் மட்டும் நிம்மதியாவா இருந்தேன்?"

இணைப்பு அறுந்தது. யார் பேச்சைக் கேட்பது? பட்டவன் அவன். துணிந்தவள் அவள். எழுதுகிறவன் நான் என்பதால்... (இந்த வாக்கியத்தை முடிக்கத் தெரியவில்லை.)

5.
இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் நன்கொடை வந்து, மேல்மாடிக்காரர்கள் வீடு திரும்புகிறார்கள். மற்றதில், இந்தப் பக்கத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஓர் அதிகாரி படியேறுகிறார். இரண்டையும் செய்வது இதே பக்கம்தான்.

கடைசியில் சிலதை மாற்றி, சிலதை அப்படியே விட்டு, மேலாளரிடம் கொடுத்துவிட்டேன். எதை எதை என்று உங்களிடமும் சொல்வதற்கில்லை. அச்சாகி உங்கள் கைக்கு வந்துவிட்டது. நாளைக்கு ஒருவர் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டி, "இந்தப் பக்கம் தையல் வேலை செய்யற ஒருத்தி இருக்காளாமே?" என்று கேட்கலாம்.

நீங்கள் என்ன சொல்கிறீர்களோ, அதுதான் முடிவு.