எல்லைக் கல்லுக்கு இந்தப் பக்கம்

ஹன்ஸாவின் எருமை கன்று போட்டு ஒன்பது நாள். பனியில் புல் கருகிப்போயிருந்தது. மாசி முடியும்வரை குமாவூன் மலையில் பச்சை என்று இருப்பது பாஞ்ச் மரத்து இலை மட்டும்தான். அந்தக் காட்டையும், யாரும் வெட்டக் கூடாதென்று, ஊர் கூடி ஐந்து வருடத்துக்குக் கோயில் தேவிக்கு எழுதிக் கொடுத்துவிட்டது. உள்ளே அரிவாள் வைத்த வீட்டோடு ஒருவரும் தண்ணீர்கூடப் புழங்க மாட்டார்கள். பத்திரத்தில் முதல் கைநாட்டு ஹன்ஸாவுடையது. ஆனால் எருமைக்குப் பத்திரம் படிக்கவா தெரியும்?

விடிகிற நேரத்தில் ஓரகத்தி கோவிந்தியைக் கூட்டிக்கொண்டு காட்டுக்குள் நுழைந்தாள். மரமேறுவதில் கோவிந்தி கெட்டிக்காரி. வாயும் அப்படித்தான்.

"இந்தக் குளிருல தேவி இன்னும் எந்திரிச்சிருக்க மாட்டாக்கா."

"வாய மூடிட்டு வெட்டுடி."

நாலாவது கிளை விழுந்தது. பின்னாலேயே கோவிந்தியும் விழுந்தாள். கிளையெல்லாம் பனி, பாவம், கால் வழுக்கிவிட்டது.

"முதுகுதான்கா உயிர் போவுது. காலு அசையுது, பாரு." அசைத்தும் காட்டினாள். "போயி ஆளக் கூட்டியா."

ஆள் வந்தால் வெட்டிய கிளையைப் பார்ப்பார்கள். ஹன்ஸாவுக்குக் கல்யாணத்துக்கு நிற்கிற பெண்கள் இரண்டு பேர்.

"எல்லைக் கல்லத் தாண்டி நம்ம வயலுக்குப் போயிடலாம்டி. வரப்பு மரத்துலருந்து விழுந்தேன்னு சொல்லிக்கலாம்."

"தூக்காதக்கா, தாங்காது."

"பல்லக் கடிச்சுக்கோ."

இலைக்கட்டு சுமக்கிற கயிற்றாலேயே அவளை முதுகோடு கட்டிக்கொண்டு ஹன்ஸா இறங்கினாள். பாதி வழியில் கோவிந்தியின் அலறல் நின்றது. அப்பாடா என்றிருந்தது ஹன்ஸாவுக்கு. அப்படி நினைத்ததை அவள் பிறகு யாரிடமும் சொல்லவில்லை.

வயலில் கிடத்திய பிறகுதான் கூவினாள். ஊரே ஓடி வந்து, கட்டிலில் போட்டுத் தூக்கி ஆஸ்பத்திரியில் சேர்த்தது.

எக்ஸ்ரே படத்தைப் பார்த்த டாக்டர் கேட்டார். "விழுந்ததும் காலு அசைஞ்சுதா? யாராவது தூக்குனீங்களா?"

ஊர்க்காரர்கள் சுற்றி நின்றார்கள். ஹன்ஸா வாயைத் திறந்தாள். கோவிந்தி முந்திக்கொண்டாள்.

"விழுந்தப்பவே காலு போயிடுச்சு டாக்டர். ஆளு வர்ற வரைக்கும் அக்கா என்னத் தொடக்கூட இல்ல."

"நல்ல வேல பண்ணீங்கம்மா" என்றார் டாக்டர், ஹன்ஸாவிடம். "நம்ம ஆளுங்க பதட்டத்துல தூக்கித்தான் கெடுத்துடுறாங்க." ஊர்க்காரர்கள் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். ஹன்ஸாவுக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

எல்லோரும் போன பிறகு கோவிந்தி மெல்லக் கேட்டாள்.

"அக்கா, என் காலு மேல போர்வ இருக்கா?"

போர்வை விலகிக் கிடந்தது.

"இருக்குடி" என்று சொல்லிவிட்டு ஹன்ஸா அதைச் சத்தமில்லாமல் இழுத்துவிட்டாள்.