கௌசிகா வீட்டுப் பசளைக் கிடங்கு

அது யானையின் காலடி என்று லக்சாயினிக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. காட்டோர ஊரான கப்பல்துறையில் பிறந்த சின்னப் பிள்ளைக்கும் அது தெரியும். கௌசிகாவின் குசினிச் சுவரோடு ஒட்டி, சமையற் கழிவை உரமாக்க வெட்டியிருந்த பசளைக் கிடங்கின் விளிம்பில், ஈரமண்ணில், சுளகு அகலத்துக்கு வட்டமாகப் பதிந்திருந்தது. பக்கத்தில் இன்னொன்று. கிடங்குக்குள் கிடந்த வாழைப்பழத் தோலெல்லாம் துப்புரவாகக் காணாமல் போயிருந்தது.

அந்தக் கிடங்கை வெட்டச் சொன்னவளே அவள்தான்.

நகரத்துக் குப்பையையெல்லாம் கொண்டுவந்து எரித்து மின்சாரம் எடுக்கப்போவதாக ஒரு கம்பனி ஊருக்குப் பக்கத்தில் காணி பார்த்த நாளிலிருந்து லக்சாயினிக்கு வேறு கதையில்லை. மின்சாரம் என்றதும் வாயைப் பிளந்தவர்களை ஒவ்வொருவராகப் பிடித்து இருத்தி விளக்கினாள். புகை இந்த ஊருக்கு, சாம்பல் இந்த ஊருக்கு, வெளிச்சம் யாருக்கோ. அதைவிடப் பெரிய வில்லங்கம், அந்த உலைக்குத் தினமும் இவ்வளவு குப்பை தருகிறோம் என்று பிரதேச சபை கையெழுத்து வைக்கவேண்டும். பிறகு ஊரே திருந்தினாலும் குப்பையைக் குறைக்க முடியாது. சாப்பாட்டுக் கழிவை வீட்டிலேயே பசளையாக்கி, போத்தலையும் மட்டையையும் பழைய சாமான் கடைக்குக் கொடுத்துவிட்டால் எரிக்க என்ன மிஞ்சும் என்று கேட்டாள். நல்ல கேள்விதான். குசினிக்குக் கிட்டவாக வெட்டுங்கள், அப்போதுதான் சோம்பல் வராது என்றும் அவளே சொன்னாள். யானையை மட்டும் யோசிக்கவில்லை. காட்டோரக் குப்பைமேட்டில் யானைகள் பொலித்தீன் பைகளைக் கிளறுவதை எத்தனையோ தரம் பார்த்தவள்தான். ஆனால் அவை குப்பைமேட்டு யானைகளாம், வீடுகளுக்கு வராதாம். அவளுடைய கணக்கு அப்படி.

மறுநாள் காலை பிரதேச சபையிலிருந்து ஆட்கள் வருவதாக இருந்தது. அதற்காகத்தான் அவள் விடிந்ததும் விடியாததுமாக, இரண்டு வீட்டுக்கும் நடுவே ஓடும் ஒழுங்கையைக் கடந்து கிடங்கைப் பார்க்க வந்திருந்தாள். கிடங்குகளைப் பார்த்து, இது சரிவரும் என்று அவர்களுக்குப் பட்டால் உலைக்கு எதிராகத் தீர்மானம் கொண்டுவருவார்கள். இந்த நேரம் பார்த்து யானை என்ற சொல் வெளியே போனால் போதும், இருட்டுமுன் ஊரில் எல்லாக் கிடங்கும் மூடப்பட்டுவிடும். கம்பனிக்காரன் பாற்சோறு கிண்டிக் கொண்டாடுவான்.

கௌசிகா இன்னும் எழும்பவில்லை. புருஷனுக்குக் கொழும்பில் வேலை. இரண்டு வயதுப் பிள்ளையோடு தனியாக இருப்பவள். சுவரில் சாத்தியிருந்த விளக்குமாற்றை லக்சாயினி எடுத்தாள். விடியற்காலையில் ஒரு பெண் முற்றம் கூட்டுவதை யார் கவனிப்பார்கள்? காலடிகளைக் கூட்டி அழித்தாள். முறிந்து கிடந்த வேலித்தடியை நிமிர்த்திவைத்தாள். வந்தது தின்றுவிட்டுப் போய்விட்டது, நாளையோடு காரியம் முடிந்துவிடும், பிறகு எல்லாருக்கும் சொல்லலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். ருசி கண்ட யானை அதே இடத்துக்குத் திரும்பி வரும் என்பதும் அவளுக்குத் தெரியாததல்ல.

பகல் முழுக்க அவளுக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. ஓலை விழுந்தாலும் திடுக்கிட்டாள். மத்தியானம் கௌசிகாவிடம் போய், கிடங்கு மணக்கிறது, மண் போட்டு மூடிவிடு என்றாள். கௌசிகா தலையாட்டினாள். தலையாட்டியவள் செய்ததோ வேறு. வருபவர்கள் வெறும் கிடங்கைப் பார்த்தால் லக்சாயினி அக்காவுக்கு மரியாதையில்லையே என்று, கோயிலில் அன்னதானத்துக்கு வெட்டிய பூசணிக் கழிவையும் பலாச்சக்கையையும் சாக்கில் கட்டி இழுத்துவந்து கிடங்கு நிறையக் கொட்டிவிட்டாள்.

பொழுது சாயும் நேரம் வேலிக்கு மேலால் அதைக் கண்ட லக்சாயினிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பழுத்த பலாவின் வாசம் ஒழுங்கை முழுக்க நின்றது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வா என்று இப்போதே சொல்லிவிடவேண்டும் என்ற நினைப்போடு படலையைத் திறந்தாள். அப்போது பார்த்துத் தொலைபேசி அடித்தது. ஷிஃபானா, நகரத்தில் ஓர்ஸ் ஹில்லில் இருந்துகொண்டு இதே காரியத்துக்காக ஓடித்திரிபவள். சபைத் தவிசாளரும் வருகிறார், இனி வெற்றிதான் என்றாள். லக்சாயினி ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டு படலையடியிலேயே நின்றாள். அந்த ஓம்களில் போன நேரத்தை நினைத்தால் அவளுக்கு இன்றைக்கும் நெஞ்சு பதறும்.

பின்பக்கம் வேலி முறிந்தது. பிறகு மூச்சுச் சத்தம் கேட்டது, பெரிய துருத்தி ஊதுவதுபோல. மங்கிய வெளிச்சத்தில் குசினிக் கூரைக்கு மேலே ஒரு முதுகு அசைந்தது. உள்ளே கௌசிகா பிள்ளைக்குச் சோறு தீத்திக்கொண்டிருந்தாள். நடுவில் தகரமும் பலகையும் மட்டுந்தான். கத்தினால் யானை வெருளும். கத்தாவிட்டால் கௌசிகாவுக்குத் தெரியாது. லக்சாயினி முன்கதவால் ஓசைப்படாமல் நுழைந்தாள். ஒரு கையால் பிள்ளையை வாரி, மறுகையால் கௌசிகாவின் வாயைப் பொத்தி, இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். ஒழுங்கையைக் கடக்குமுன் பலகை பிளக்கும் சத்தம் கேட்டது.

லக்சாயினியின் அறைக்குள் மூவரும் கட்டிலில் ஒண்டிக்கொண்டார்கள். அயல்வீட்டுக்காரர் கோணாமலை யானைவெடி கொளுத்தி எறிய, அது பிளிறிக்கொண்டு காட்டுப்பக்கம் போனது. டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு வந்தவர், குசினி தரைமட்டம், பிள்ளையின் சின்னக் கதிரை நசுங்கிக் கிடக்கிறது என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார்.

கௌசிகா லக்சாயினியின் பக்கம் திரும்பினாள்.

"இவ்வளவு நாளும் வரேல்லையே, அக்கா. இண்டைக்குத்தானே முதல் தரம்?"

அவள் யாரையும் குற்றம் சொல்லிக் கேட்கவில்லை. ஓம் என்றால் முடிந்தது. முற்றத்தில் அடையாளமில்லை, கண்டவர்களும் இல்லை. லக்சாயினி தன் மடியில் கிடந்த பிள்ளையைப் பார்த்தாள். வாயோரத்தில் இன்னும் ஒரு சோற்றுப் பருக்கை. இப்படியான பிள்ளைகளை உலைப் புகையிலிருந்து காப்பாற்றுவதற்கென்றுதான் அவள் புறப்பட்டாள். அதையே சாட்டாக வைத்துக்கொண்டு இன்னொரு விடியலிலும் விளக்குமாற்றைத் தூக்கக்கூடியவள் தான் என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. யானையைக் கண்டபோதுகூட அவள் அவ்வளவு பயப்படவில்லை.

"இல்லை. விடியவும் வந்திருக்கு. அடியைக் கண்டு நான்தான் கூட்டி அழிச்சனான்."

கௌசிகா கையை நீட்டினாள்.

"பிள்ளையைத் தாங்கோ."

கொடுத்தாள். கௌசிகா பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கட்டிலின் மற்றக் கரைக்கு நகர்ந்து இருந்தாள். அந்த இரவுக்கு அவளுக்கு வேறு போக்கிடமில்லை.

"நாளைக்கு வாறவைக்கு இதைச் சொல்லுவீங்களோ?"

"சொல்லுவன்," என்றாள் லக்சாயினி.

கௌசிகா அதை நம்பவில்லை. விடியும்வரை அவள் பிள்ளையைக் கீழே வைக்கவுமில்லை, லக்சாயினியின் பக்கம் திரும்பவுமில்லை.